வாசலில் நிற்காத வேர்

ஆத்தூர்ப் பக்கம் இந்தச் செடியைக் கோலியஸ் என்றால்தான் தெரியும். வேளாண் துறையினர் மருந்துக் கூர்க்கன் என்பார்கள். ஆடியில் நுனித்தண்டைக் கிள்ளி நட்டால் தை பிறக்கும்போது வேர் பறிக்கலாம். விரல் கனத்தில், கொத்துக் கொத்தாக வரும். அலசி, வில்லை வில்லையாக நறுக்கிக் களத்தில் காயப்போட்டால் இஞ்சி போல ஒரு காட்டம் கையை விட்டுப் போகாது.

பம்பாய் ஹெக்ஸ்ட் ஆய்வு மையத்தில் இதன் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்தபோது ரத்த அழுத்தம் இறங்கியது, இதயம் வலுவாகச் சுருங்கியது. அதற்குக் காரணமான பொருளின் வடிவத்தை சுஜாதா பட், நோயல் டி சோசா குழுவினர் 1977-ல் வெளியிட்டார்கள். பெயர் ஃபோர்ஸ்கோலின். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் அதே காலத்தில் இதைப் பிரித்தெடுத்து, கோலியோனால் என்றது.

எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் செல்லின் வாசலுக்குப் போகவேண்டும். அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே ஏற்பியைத் தொடும், அவ்வளவுதான். ஏற்பி ஜி-புரதத்தை எழுப்பும். அது அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கும். நொதி ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றும். ஏர்ல் சதர்லேண்ட் 1950களில் கல்லீரலில் கண்டு, 1971-ல் நோபல் பெற்றது சைக்ளிக் ஏஎம்பி என்ற இந்த இரண்டாம் தூதருக்காகத்தான். தூதர் ஒட்டியதும் புரத கைனேஸ்-ஏ என்ற இன்னொரு நொதி கட்டவிழ்கிறது. ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தில் மாட்டுகிறது. ஒரே ஒரு பாஸ்பேட்! அதில் புரதத்தின் உருவமே மாறுகிறது. இதயச் செல்லில் கால்சியம் கூடுதலாகப் பாய்ந்து துடிப்பு வலுக்கிறது. பிறகு பாஸ்படேஸ் என்ற நொதி வந்து அதே பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. எனக்குப் பெரிய வியப்பு இந்தக் கழற்றல்தான். இது இல்லையென்றால் ஒருமுறை பயந்த இதயம் படபடத்துக்கொண்டே இருக்கும்.

நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாள், மாலை வெயில் வாசல்களையெல்லாம் தாண்டி நேரே கருவறைக்குள் போகும். முதல் நாள் பெருமாளின் பாதம், மறுநாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி. கூர்க்கன் வேரின் வழியும் அதுதான் என்று 1981-ல் அமெரிக்காவில் கென்னத் சீமனும் ஜான் டேலியும் காட்டினார்கள். ஃபோர்ஸ்கோலினுக்கு ஏற்பி தேவையில்லை. நேராகச் சைக்ளேஸிடமே போய் அமர்ந்து அதை முடுக்கிவிடுகிறது.

செல்லின் சமிக்ஞையைப் படிக்கும் ஆய்வுக்கூடம் எதிலும் உறைபெட்டியைத் திறந்தால் ஃபோர்ஸ்கோலின் வெள்ளைப் பொடியாக ஒரு சிறு குப்பியில் இருக்கும். கரைத்து ஒரு துளி விட்டால் போதும், சில நிமிடத்தில் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி ஏறிவிடும்.