வில்பத்துவுக்குப் பிள்ளைகளோடு

"அங்க புலி இருக்கோ?" வான் ஓமந்தையைத் தாண்டும்போது ஐந்து வயது மருமகன் கேட்டான். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அக்காதான், "இலங்கையில புலி இல்லையடா, சிறுத்தைதான்" எண்டு சொன்னா. விலங்கியல்படி சரியான பதில்தான்.

தெல்லிப்பழையில் விடிய முன்னம் வெளிக்கிட்டால் அனுராதபுரத்தில் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரச் சவாரிக்கு வில்பத்துவில் நிற்கலாம். எங்கட அப்பா அம்மா எங்கட வயதில் இருந்தபோது இது நடக்கிற காரியமில்லை. அந்தக் காடு பூட்டிக் கிடந்தது.

1905இல் சரணாலயமாகி, 1938இல் யாலவைப் போலவே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது வில்பத்து. சுமார் 1,300 சதுர கிலோமீற்றர், நாட்டிலேயே பெரியது. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான பள்ளங்களை 'வில்லு' என்கிறார்கள். மான், யானை, கரடி எல்லாம் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

1985 மே 14 அன்று அனுராதபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற புலிகள், வில்பத்து வழியாகத் திரும்பும்போது அங்கேயும் கொன்றார்கள். பிறகு பூங்கா மூடப்பட்டது. எங்கட வீடுகளில் 1987ஐப் பற்றிக் கதைப்பார்கள், 1990ஐப் பற்றி விடிய விடியக் கதைப்பார்கள். இதைக் கதைச்சு நாங்கள் கேட்டதில்லை. வாசித்துத்தான் அறிந்தோம்.

சமாதான காலத்தில், 2003இல், பூங்கா மறுபடி திறந்தது. அதே ஆண்டு நிஹால் டி சில்வாவின் ஆங்கில நாவல் 'தி ரோட் ஃபுரொம் எலிபன்ட் பாஸ்' வெளிவந்தது. ஓர் இராணுவக் கப்டனும் ஒரு புலிப் பெண்ணும் வில்பத்துக் காட்டுக்குள்ளால் நடந்து தப்புகிற கதை. 2006 மேயில் அதே காட்டில் கண்ணிவெடி வெடித்து இறந்தவர்களில் நிஹால் டி சில்வாவும் ஒருவர். பூங்கா திரும்பவும் மூடப்பட்டு 2010இல்தான் திறந்தது.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொல்லுறது? வானுக்குள் இதுபற்றி ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. முடிவு வரவில்லை, வாசல் வந்துவிட்டது.

ஜீப் சாரதி ஒரே விதியைத்தான் சொன்னார்: பாதையை விட்டு விலகக்கூடாது, இறங்கக்கூடாது. பிள்ளைகளுக்கு அது கரடி பற்றிய விதி. அப்பாவுக்கு அது பழைய வசனம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. யுத்தம் முடிந்த பிறகு காணிகளைத் துண்டு துண்டாக விட்டபோது அவர் வீடு பார்க்கப் போனார். முற்றத்தில் மரம், அறைக்குள் மரம், கிணறு எங்கே எண்டே தெரியவில்லை. காடு பார்க்க அவருக்கு வில்பத்து தேவைப்பட்டிருக்கவில்லை.

சிறுத்தை வரவில்லை. ஒரு மணித்தியாலம் மானும் மயிலும் பார்த்த பிறகு சின்னவள் நித்திரை, மருமகனுக்கு ஒண்டுக்கு அவசரம். (சின்னன்களோடு போகிறவர்கள் வாசலிலேயே அந்த அலுவலை முடித்துவிடுங்கோ.) இறங்க அனுமதியுள்ள இடத்தில் சாரதி நிறுத்தினார். அப்பா முதலில் இறங்கி, பிள்ளை கால் வைக்கப்போற மண்ணைக் குனிந்து ஒருக்கால் பார்த்தார்.

"என்ன தாத்தா, பாம்போ?"

"ஓம், பாம்பு."