கலந்தாய்வு: ஒரு சொல்லும் கல்லூரிச் சேர்க்கை வரலாறும்

முன்னுரை

பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவர் எப்படிப்பை, எக்கல்லூரியில் கற்பது எனத் தெளிவதற்குத் துணைநிற்பது ஒரு பணி. தகுதி வரிசைப்படி அவருக்கு இடம் ஒதுக்குவது மற்றொரு பணி. தமிழகத்தில் இவ்விரண்டாம் பணிக்கு வழங்கும் பெயர் 'கலந்தாய்வு'. ஒருவரோடொருவர் கலந்து ஆராய்தல் என்பது இச்சொல்லின் நேர்ப்பொருள். அப்பொருள் நீங்கிச் சொல் மட்டும் நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடப்பங்கீடும் வழிகாட்டலும்

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் தோன்றியபோது மெட்ரிகுலேஷன் தேர்வே உயர்கல்விக்கு வாயிலாயிற்று. தேறினாரா, இல்லையா என்பதை மட்டுமே அத்தேர்வு காட்டிற்று. அடுத்து என்ன கற்பது என்பதைச் சொல்லத் தெரிந்தவர், கற்றோர் குடும்பங்களிலேயே இருந்தனர். ஆகவே, இடங்கள் எவரைச் சேர்கின்றன என்னும் வினா சென்னை மாகாண அரசியலில் முதன்மை பெற்றது. வகுப்புவாரி அரசாணைப்படியான கல்லூரிச் சேர்க்கையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் இடஒதுக்கீட்டிற்கு வழிவகுத்தது.

இடப்பங்கீட்டிற்கு இவ்வாறு சட்ட அடித்தளம் அமைந்த காலத்திலேயே வழிகாட்டலுக்கான கருத்தடித்தளமும் இடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53), பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில்நெறி ஆசிரியர்களும் கல்வி நிறுவனங்களுக்குப் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தொழில்களின் இயல்பை விளக்கும் திரைப்படங்களையும் நேரடிப் பார்வையிடலையும் வலியுறுத்தியது. கோத்தாரிக் குழு (1964-66) வழிகாட்டலைக் கல்வியின் பிரிக்கவியலாக் கூறாகக் கொண்டது. குறைந்த அளவாக, பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகர் எனத் திட்டமிட்டது. அக்குழு பரிந்துரைத்த 10+2+3 என்னும் கல்வி அமைப்பு நடைமுறைக்கு வந்தது. பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகர் என்பது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

ஒற்றைச் சாளரம்

தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது. அதனால் புகுமுக வகுப்புக் காலத்தில் கல்லூரி வளாகத்தில் கிட்டிய அறிமுகம் மாணவர்க்கு இல்லாமற் போயிற்று. பாடப்பிரிவைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 1984இல் தொடங்கியது. பொறியியல் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர முறை 1997இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

கல்லூரிதோறும் விண்ணப்பித்து அலையும் நிலையை இம்முறை மாற்றியது. பரிந்துரைக் கடிதங்களின் வலிமையைக் குறைத்தது. தரவரிசையும் இடஒதுக்கீடும் வெளிப்படையாயின. இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் சென்னைக்கு வந்த சிற்றூர் மாணவர், எஞ்சிய இடங்களைக் காட்டும் திரையின் முன் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒத்த பெயருடைய கல்லூரிகளைக் குறியீட்டெண்ணால் பிரித்தறிவதே அவருக்குப் பெரும்பாடு. கூடவே வந்த தந்தைக்கும் அவ்வுலகம் புதிது. கலந்து ஆராய அங்கு எவரும் இலர். ஆயினும் அந்நிகழ்வின் பெயர் கலந்தாய்வு. ஆங்கில வழக்கின் 'கவுன்சலிங்' என்னும் சொல்லும் இந்தியச் சேர்க்கை நடைமுறையில் இதே பொருள் மாற்றத்தை அடைந்துள்ளது. 'ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு' எனும் வழக்கு இம்மாற்றம் நிறைவுற்றதைக் காட்டும்.

மீளும் பொருள்

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 2007இல் பொறியியல் நுழைவுத்தேர்வு நீங்கியது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அறிவிக்கப்பட்டது. 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. பயணச்செலவு குறைந்தது, ஆனால் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தும் பொறுப்பு முழுவதும் மாணவர்மேல் விழுந்தது. விரும்பும் கல்லூரியை மேலே இடாமல் கிடைக்கக்கூடியதை மேலே இட்டால், மதிப்பெண் இருந்தும் இடம் கைநழுவும். 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத்தேர்வு வந்தபின், பாடத் தெரிவு, விண்ணப்பம், சேர்க்கை ஆகியவை பற்றிய அறிவின் தேவை நாடு முழுவதும் பெருகியது. அதே 2022இல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தையும் அதன் பகுதியாகக் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டல் நிகழ்ச்சிகளையும் தொடங்கியது. முதலியார் குழு வேண்டியதன் ஒரு பகுதி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் செயல்வடிவம் பெற்றது எனலாம்.

முடிவுரை

இடப்பங்கீட்டில் நீதி காண்பதற்குச் சட்டமும் வழக்கும் திருத்தமும் துணைநின்றன. வழிகாட்டலுக்கோ பரிந்துரைகளே மிகுந்தன. கற்றோர் இல்லங்களில் உணவு வேளையில் இயல்பாகக் கிடைக்கும் அறிவுரை, முதல் தலைமுறை மாணவர்க்குப் பள்ளியில்தான் கிடைத்தாக வேண்டும். அது கிட்டாதவிடத்துத் தரவரிசை சமமாக இருப்பினும் தெரிவு சமமாக இராது. கலந்தாய்வு என்னும் சொல் தன் நேர்ப்பொருளை மீளப் பெறும் இடம், இட ஒதுக்கீட்டு நாளன்று; அதற்கு இரண்டாண்டு முந்தைய பள்ளி வகுப்பறையே ஆகும்.