கவியும் கண்டென்சர் மைக்கும்

கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலான கரையோர முஸ்லிம் ஊர்களின் வாய்மொழிச் செல்வம் கவி. வயற்காவற் பரணிலும் வீட்டு முற்றத்திலும் பிறந்த இப்பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் திரட்டி நூலாக்கினர். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும் அச்சில் நிற்பது சொல் மட்டுமே. பாடுபவர் அடியின் ஈற்றை எவ்வளவு இழுத்தார், எங்கே மூச்சு வாங்கினார் என்பதைத் தாள் சொல்லாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஒலிவாங்கி வேண்டும். அந்த ஒலிவாங்கி எம் கைக்கு வந்த கதையையும், வாங்குவோரை மயக்கும் ஓர் எண்ணையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரின் 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. பழந்தமிழரின் சுருதிகளைக் கணக்கால் நிறுவ முயன்ற அப்பெரியாரின் காலத்தில், கிராமத்துப் பாடலைப் பதியும் கருவி சாதாரண மக்களுக்கு எட்டாத பொருள். கண்டென்சர் ஒலிவாங்கியை அமெரிக்காவில் ஈ.சி. வென்ட் 1916இலேயே உருவாக்கியிருந்தார். ஆனால் அதன் மெல்லிய படலத்துக்கும் பின்தகட்டுக்கும் இடையே உயர்ந்த மின்னழுத்தத்தை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். வெற்றிடக் குழாய்ப் பெருக்கியும் அருகிலேயே இருக்க வேண்டும். ஆகவே அது கலையகங்களின் சொத்தாகவே இருந்தது.

1962இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் இந்நிலையை மாற்றினர். மின்னேற்றத்தை நெடுங்காலம் தன்னுள் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் படலத்தை அவர்கள் பயன்படுத்தினர். இதுவே எலெக்ட்ரெட் கண்டென்சர். உயர் மின்னழுத்தம் தேவையற்றுப் போயிற்று. உள்ளே பொருத்திய சிறு டிரான்சிஸ்டரை இயக்க ஓரிரு வோல்ட் போதுமாயிற்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை அறிமுகப்படுத்தியது; 1968இல் சோனி நிறுவனம் எலெக்ட்ரெட் ஒலிவாங்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள் கொண்டுவந்த கசெற் றேடியோக்களின் முகப்பில், சட்டைப் பொத்தானை விடவும் சிறிதாக அது எமது ஊர்களுக்குள் நுழைந்தது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். சிறு கண்டென்சர் ஒலிவாங்கியின் விபரத்தாளில் -44 டெசிபெல், -38 டெசிபெல் என்று வெளியீட்டு மட்டம் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு எத்தனை வோல்ட் கிடைக்கும் என்பதே இதன் பொருள். -44 என்றால் ஏறத்தாழ 6.3 மில்லிவோல்ட், -38 என்றால் 12.6 மில்லிவோல்ட். மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கும் டைனமிக் ஒலிவாங்கி பெரும்பாலும் 2 மில்லிவோல்ட் அளவிலேயே நின்றுவிடும். பழைய தாள்களில் பாஸ்கலுக்குப் பதிலாக மைக்ரோபார் அளவுகோல் இருக்கும். இரண்டுக்கும் இடையே 20 டெசிபெல் வேறுபாடு உண்டு. அங்கே -64 என்று அச்சிட்டிருப்பதும் இங்கே -44 என்று இருப்பதும் ஒன்றே. இதை அறியாதவர் நல்ல பொருளைப் பலவீனமானது என்று ஒதுக்கிவிடுவார்.

வெளியீடு கூடினால் தரம் கூடிவிடுமா? இல்லை. நேர்காணல்களுக்காகச் சிறு பதிவுக் கருவிகளோடு அலைந்த பத்திரிகையாளன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். பாட்டோடு ஒலிவாங்கியின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே வெளிவரும். சைகை-இரைச்சல் விகிதம் 60 டெசிபெல் எனில், 94இலிருந்து அதைக் கழிக்க 34 வருகிறது. அமைதியான இரவு அறையின் ஒலியளவுக்கு அது நிகர். மெல்லிய குரலில் பாடும் மூதாட்டியின் தாலாட்டில், அடிகளுக்கு இடையே கேட்கும் சீறல் இதுவே. கருவியே ஒலியளவைத் தானாகச் சரிசெய்தால், அவர் மூச்சு வாங்கும் இடங்களில் அந்தச் சீறல் மேலும் உயர்ந்து எழும்.

அதிக வெளியீட்டுக்கும் பயனுண்டு. பதிவுக் கருவியின் உள்ளீட்டுப் பெருக்கியே இரைச்சல் மிக்கதாயின், வலுவான சைகை அதை மேவி நிற்கும். மலிவான கசெற் கருவிகளில் இந்த நன்மை தெளிவாகத் தெரிந்தது. மறுபுறம், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்தில் பக்கீர்மார் றபான் அடிக்கும்போது அதே ஒலிவாங்கியை அருகே நீட்டினால் ஒலி சிதைந்துவிடும். அங்கே வெளியீடு குறைந்ததே பொருத்தம். தாலாட்டுக்கு ஒன்று, றபானுக்கு ஒன்று என்பதே முறை.

ஒப்பிட விரும்புவோர் இரண்டு ஒலிவாங்கிகளையும் அருகருகே வைத்து ஒரே குரலைப் பதியட்டும். பின்னர் இரு பதிவுகளிலும் குரலின் அளவைச் சமப்படுத்திவிட்டு, பாடாத இடைவெளிகளைக் கேட்கட்டும். எதில் சீறல் குறைவோ அதுவே மேல். தூரத்தையும் மறக்கலாகாது. திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போது ஒலி 6 டெசிபெல் உயரும். 80 சென்ரிமீற்றரிலிருந்து 20க்கு நகர்ந்தால் 12 டெசிபெல். மேலே சொன்ன இரு ஒலிவாங்கிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைப் போல இது இருமடங்கு, செலவோ எதுவுமில்லை. கடற்காற்றுக்குப் பஞ்சுறை போடுவதும், மருதமுனையில் தறிச் சத்தம் ஓய்ந்த நேரத்தைத் தேர்வதும் அவ்வாறே செலவில்லாத காரியங்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பாடியவர்களும் போயினர், கரையோர வீடுகளின் பெட்டிகளில் கிடந்த கசெற்றுகளும் போயின. எஞ்சியிருப்போரின் குரலைப் பதிய இன்று ஒரு கைபேசியே போதும். அதற்குள்ளும் கண்டென்சர் இனத்தின் நுண்ணிய ஒலிவாங்கிதான் இருக்கிறது. விலையுயர்ந்த கருவி வரட்டும் என்று காத்திராமல், உம்மும்மாவின் அருகே சென்று உட்காருங்கள். ஊரையும் திகதியையும் முதலில் சொல்லிவிட்டுப் பதியத் தொடங்குங்கள்.