ஆடையும் ஆடலும்

நடன மாதர் அணியும் உடையைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் வினவக்கூடும். ஆயினும் அவ்வுடை குறுகியும் நீண்டும் வந்த வரலாற்றை நோக்கினால், உடம்பில் எவ்வுறுப்புப் பேசவேண்டும், எது மறைந்திருக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு காலமும் தனித்தனியே தீர்மானித்து வந்தமை புலப்படும். அத்தீர்மானத்தைச் செய்தவர் ஆடியவர்தாமா, அன்றிப் பிறரா என்பதும் உடன் புலப்படும்.

வன்னியிலே பூநகரிப் பகுதியைச் சேர்ந்த ஜெயபுரம் போன்ற ஊர்களிலும் கலைமகள் விழா மேடையில் சிறுமியர் பரதம் ஆடுவதைக் காண்கிறோம். சிறுமி அரைமண்டியில் அமர்ந்ததும் உடையின் முன்புறத்து விசிறி மடிப்பு விரிகின்றது. கோயிற் சிற்பங்களின் காலத்திலிருந்தே வந்த உடை அது என்று பலரும் கருதுவர். உண்மையில், இவ்வாறு வெட்டித் தைத்த உடை மேடையேறி இன்னும் நூறாண்டு நிறையவில்லை. அதன் கதையில் ஒரு பகுதி பாரிசு நகரில் தொடங்குகின்றது.

ஐரோப்பியரின் பாலே நடனம் அரண்மனையில் வளர்ந்தது. ஆகவே ஆடுவோரும் அரண்மனை மாதரைப் போல நிலத்தைத் தொடும் கனத்த ஆடையை அணிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மரி கமார்கோ என்னும் நடனமாது பாவாடையின் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். குதித்தெழும்போது பாதங்கள் விரைந்து ஒன்றையொன்று கடக்கும் நுட்பத்தில் அவர் வல்லவர். அந்நுட்பம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கற்றதன் பயன் என்ன? பின்னர், 1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் 'லா சில்பீட்' என்னும் நடன நாடகத்தில் மரி தாலியோனி மெல்லிய வெண்துணியாலான மணிவடிவப் பாவாடையுடன் தோன்றினார். நிலத்தில் கால் பாவாத வனதேவதை போல அவர் ஆடினார். 'டூட்டூ' எனப் பிற்காலத்தில் பெயர்பெற்ற உடைக்கு அதுவே முன்னோடி.

அந்த மென்மைக்கு விலை கொடுத்தவர்கள் உளர். அக்காலத்து அரங்குகளில் வாயு விளக்குகளின் சுடர் திறந்தே எரிந்தது. 1862 நவம்பரில் பாரிசு அரங்கில் ஒத்திகை நடந்தபோது எம்மா லிவ்ரி என்னும் இளம் நடனமாதின் பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதங்கள் வேதனையுற்று, 1863 யூலையில் அவர் உயிர் நீத்தார். துணியில் எளிதில் தீப்பற்றாதபடி மருந்திற் தோய்த்தெடுக்கும் முறை அப்போதே வழக்கில் இருந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்துப்போகும். அதன் வெண்மையும் மங்கும். ஆதலால் லிவ்ரி அதனை அணிய மறுத்திருந்தார். அவரது பிடிவாதத்தைக் குறைகூறுவது எளிது. மேகம்போல மிதப்பவளே நடனமாது என்று கைதட்டிய சபையோருக்கும் அதிற் பங்குண்டு என்றே யான் நினைக்கிறேன். எரிந்து எஞ்சிய உடைத் துண்டுகள் பாரிசு ஒப்பெரா அரங்கின் நூதனசாலையிற் பேணப்பட்டன.

அந்நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய நடனமாதர் உருசியா சென்றனர். 1895இல் 'அன்னத் தடாகம்' நாடகத்திற் பியரீனா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு சுழற்சி சுழன்று காட்டினார். இத்தகைய ஆட்டத்திற்கு நீண்ட பாவாடை தடையன்றோ? ஆகவே டூட்டூ முழங்காலுக்கு மேலேறியது. நாளடைவில் வலைத்துணி அடுக்குகள் இடையைச் சுற்றித் தட்டுப்போல விறைத்து நின்றன. கால் முழுதும் வெளிப்பட்டது.

அந்த உருசிய மரபில் வந்தவரே அன்னா பாவ்லோவா. 1923இல் உதயசங்கருடன் இராதா கிருட்டிண நடனத்தை இலண்டனில் ஆடியவரும் அவரே. அவரது ஆடலிற் சொக்கிய உருக்குமணிதேவி அருண்டேல், அவர் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டுக் கலையை நாடு என்று பாவ்லோவா அவருக்கு அறிவுரை கூறினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பரதம் பயின்ற உருக்குமணிதேவி, 1935 திசெம்பரில் அடையாற்றில் அரங்கேறினார். அடுத்த ஆண்டு கலாச்சேத்திரம் தோன்றியது.

அதற்கு முன்னர் இசைவேளாளர் குலத்து மாதர் காற்சட்டையின் மேல் சரிகைச் சேலையை உடுத்திக் கொசுவத்தை முன்னே தொங்கவிட்டு ஆடினர். உருக்குமணிதேவி சிற்பங்களை நோக்கி, மதாம் காசான் என்ற இத்தாலியத் தையற்கலை மாதின் துணையுடன் புதிய உடையை அமைத்தார். அரைமண்டியின் கோணத்தை விசிறி மடிப்பு எடுத்துக்காட்டியது. அழகில் அது குறைந்ததன்று. ஆனால் பழைய உடையுடன், அதனை அணிந்து கலையைக் காத்த பெண்களும் மேடையிலிருந்து விலக நேர்ந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இற் சட்டத்தால் தடுத்தது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆடலும் அவர்கள் கையைவிட்டுப் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. அக்குலத்தில் தோன்றி, 1925இற் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறிய பாலசரசுவதி, இறுதிவரை சேலையுடுத்தே ஆடினார். சிருங்காரத்தைத் தூய்மை செய்யவேண்டும் என்ற பேச்சையும் அவர் ஏற்கவில்லை.

நம் நாட்டிலும் டூட்டூவிற்கு ஓர் உறவினர் உண்டு. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பே அது. வளையங்களின் மேல் துணியை விரித்து, கோழியைக் கவிழ்த்து மூடும் கரப்பைப்போல அகன்று நிற்பதால் அப்பெயர். அதனை அணிபவர் ஆடவர்; பாலேயில் பெண்ணின் மென்மையைக் காட்டிய வடிவம் இங்கே அரசனின் வீறாப்பைக் காட்டுகின்றது. வட்டக் களரியைச் சூழ்ந்து அமர்ந்திருப்போர் அனைவருக்கும் அரசன் சுழலும்போது அவ்வுடுப்பு ஒரேபடித்தாய்த் தோன்றும். முன்புறம் பின்புறம் என்ற வேறுபாடு அதற்கில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, விடியும்வரை ஆடிய ஆட்டம் சுருங்கியது. பார்ப்போரும் ஒருபுறம் மட்டுமே அமர்ந்தனர். எல்லாப் பக்கமும் பார்க்கப்படுவதற்கென அமைந்த உடுப்புக்குப் படச்சட்ட மேடையில் வேலை குறைவு. இலேசான உடைகள் அதன் இடத்தைப் பிடித்தன. மட்டக்களப்புக் கிராமங்களில் வட்டக் களரி கட்டி ஆடும் இரவுகளில் கரப்புடுப்பு இன்னும் சுழல்கின்றது.