எல்லைக் கோடு வகுத்த சட்டம்

ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டு மக்களின் வாழ்வினின்று தோன்ற வேண்டும். ஆனால் அடிமைப்பட்ட நாடுகள் பலவற்றில் அந்நியர் வகுத்த எல்லையே சட்டத்தையும் வகுத்தது. இதற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கேமரூன் நாட்டைச் சான்றாகக் காண்போம்.

1884 முதல் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த அந்நாட்டை, முதல் உலகப் போரின்போது பிரிட்டனும் பிரான்சும் கைப்பற்றி, 1916-இல் பங்கிட்டுக்கொண்டன. பெரும்பகுதி பிரான்சுக்குச் சென்றது. 1922-இல் சர்வதேச சங்கமும் இதற்கு ஒப்புதல் அளித்தது. அங்கு வாழ்ந்த மக்களின் விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை.

கோட்டிற்கு மேற்கே, பிரிட்டன் தன் பங்கினை நைஜீரியாவோடு சேர்த்து ஆண்டது. ஆங்கிலப் பொதுச்சட்டம் அவ்வழியே புகுந்தது. முந்தைய தீர்ப்புகள் வழிகாட்ட, இரு தரப்பு வாதங்களையும் கேட்டு நீதிபதி தீர்ப்பளிப்பது அம்மரபு. கிழக்கே, எழுதப்பட்ட சட்டத் தொகுப்பே தலையாயது என்னும் பிரெஞ்சு மரபு வேரூன்றியது. அங்குக் குடியுரிமை பெறாத பெரும்பாலான ஆப்பிரிக்க மக்களை, ஆட்சி அதிகாரியே நீதிமன்ற விசாரணையின்றித் தண்டிக்கும் கொடிய முறை 1946 வரை நிலவியது. இவ்வாறு அண்டை ஊரார் இருவர் வெவ்வேறு நீதிக்கு உட்பட்டனர்.

1960-இல் பிரெஞ்சுப் பகுதி விடுதலை பெற்றது. 1961 பிப்ரவரி வாக்கெடுப்பில், நைஜீரியாவா, கேமரூனா என்னும் இரு வழிகளே ஆங்கிலப் பகுதி மக்கள்முன் வைக்கப்பட்டன. வடபகுதி நைஜீரியாவோடும் தென்பகுதி கேமரூனோடும் இணைந்தன. அன்று அமைந்த கூட்டாட்சி 1972-இல் நீக்கப்பட்டது. நாடு ஒன்றாயிற்று, சட்டம் முழுதும் ஒன்றாகவில்லை. 1967-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 2007-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமும் நாடு முழுமைக்கும் பொதுவாயின. ஆயினும் உரிமையியல் துறையில் இரு மரபுகளும் தொடர்கின்றன.

2016-இல் ஆங்கிலப் பகுதி வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்தனர். தம் சட்ட மரபில் பயிலாத நீதிபதிகளை அனுப்பலாகாது என்றும், பிரெஞ்சு மொழியிலமைந்த வணிகச் சட்டங்களை ஆங்கிலத்தில் தர வேண்டும் என்றும் கோரினர். 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுச்சட்டப் பிரிவு அமைக்கப்பட்டது. எனினும் அவ்வாண்டிலேயே கிளர்ச்சி ஆயுதப் போராட்டமாயிற்று. பள்ளிகள் பல மூடப்பட்டன. எளிய மக்களே பெரிதும் அல்லலுற்றனர்.

கோடு கிழித்தவர் சென்றபின்னும் அக்கோடு நீதிமன்றங்களில் நிலைத்துள்ளது. தன் வழக்கு எம்மொழியில், எம்முறையில் கேட்கப்படுகிறது என்பது, நீதிமன்றப் படியேறும் ஏழைக்கு வாழ்வா தாழ்வா என்னும் வினாவாகும். ஆதலின் சட்டத்தைப் பயில்வதோடு, அதனை யார், எதன்பொருட்டு வகுத்தனர் என்பதையும் நம் இளைஞர்கள் ஆராய்ந்தறிதல் வேண்டும். அவ்வறிவே உரிமைக்கு அரணாகும்.