இணையச் சமூக மேலாளர்: ஒரு பணி உருவான வரலாறு

நாலு பேர் கூடும் இடத்தில் நாலு விதமான பேச்சு எழும். அதை ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும்போது அந்த ஒருவருக்கு என்ன திறமை வேண்டும்? அவருடைய பொறுப்பு எதுவரை? இக்கேள்விகளுக்கு விடை தேடிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

வெல் (1985)

1985-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோ நகரில் ஸ்டூவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியண்ட் ஆகிய இருவரும் 'வெல்' என்ற கணினி உரையாடல் சேவையைத் தொடங்கினர். தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்த உறுப்பினர்கள் எழுத்திலேயே பேசிக்கொண்டார்கள். அவரவர் எழுதியதற்கு அவரவரே பொறுப்பு என்பது அங்கே அடிப்படை விதி.

அதன் முதல் இயக்குநர் மேத்யூ மெக்ளூரும், அவருக்குப் பின் வந்த கிளிஃப் ஃபிகல்லோவும் டென்னசி மாநிலத்தில் 'தி ஃபார்ம்' என்ற கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். கணினி அறிவைவிட, பலரோடு ஒத்துவாழ்ந்த அனுபவமே அவர்களுக்கு அங்கே பெரிதும் கைகொடுத்தது எனலாம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு 'விருந்தோம்புநர்' இருந்தார். புதியவரை வரவேற்பது, பேச்சு தொய்யாமல் பார்ப்பது, சண்டையைத் தணிப்பது அவர் வேலை. சம்பளம் கிடையாது, சேவையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஏஓஎல் தொண்டர்கள்

இதே முறையை 1990-களில் அமெரிக்கா ஆன்லைன் (ஏஓஎல்) நிறுவனம் மிகப் பெரிதாக்கியது. 'சமூகத் தலைவர்கள்' என்ற பெயரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் அரட்டை அறைகளை மட்டுறுத்தினார்கள். அவர்களுக்குப் பயிற்சி உண்டு, நேர அட்டவணை உண்டு, அறிக்கையும் எழுதித் தரவேண்டும். ஈடாகக் கிடைத்தது இலவச இணைப்பு. மணிக்கணக்கில் கட்டணம் இருந்தவரை அது பெரிய சலுகை. 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரமும் பயன்படுத்தலாம் என்று ஆனதும் அச்சலுகையின் மதிப்பு சுருங்கிவிட்டது.

1999-இல் முன்னாள் தொண்டர்கள் இருவர் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார்கள். நாங்கள் செய்தது ஊழியர் வேலை, குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்பது அவர்கள் வாதம். இங்கேதான் ஒரு முரண் இருக்கிறது. பொறுப்புகளை நிறுவனம் எவ்வளவு தெளிவாக வரையறுத்ததோ, அவ்வளவுக்கு அது 'வேலை' போலத் தோன்றியது! 2005-இல் ஏஓஎல் இத்திட்டத்தை மூடியது. 2010-இல் 1.5 கோடி டாலரில் வழக்கு சமரசமாக முடிந்தது. ஆகவே அவர்கள் தொண்டர்களா, ஊழியர்களா என்ற கேள்விக்கு இறுதித் தீர்ப்பு வரவே இல்லை.

வரையறை (2007)

இதற்குள் நிறுவனங்கள் இப்பணிக்குச் சம்பளத்துக்கே ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தன. 2007-இல் ஜெரமையா ஓயங் என்ற ஆய்வாளர், வேலை விளம்பரங்களைப் பார்த்து நான்கு கடமைகளைத் தொகுத்தார்: உறுப்பினர் சார்பில் பேசுதல், நிறுவனத்தை எடுத்துச் சொல்லுதல், தகவல் தொடர்பில் தேர்ச்சி, உறுப்பினர் கருத்தைத் திரட்டித் தருதல்.

முதல் இரண்டையும் கவனியுங்கள். உறுப்பினருக்கும் நிறுவனத்துக்கும் கருத்து வேறுபாடு வந்தால் மேலாளர் யார் பக்கம் நிற்பார்? மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பதுபோல்தான் அவர் நிலை. திறமைப் பட்டியல் எழுதுவது எளிது. அவருக்கு எவ்வளவு அதிகாரம், என்ன ஊதியம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வரையறை முழுமை பெறும். ஏஓஎல் வழக்கு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.