பண்டகசாலையும் மாநாட்டு அரங்கமும்: மட்டாஞ்சேரியில் வணிகக் கூடுகையின் நேற்றும் நாளையும்

1. முன்னுரை

கொச்சியை மாநாட்டு நகரமாக முன்வைப்போர் வழக்கமாக மூன்றைச் சொல்வார்கள்: நெடும்பாசேரி விமான நிலையம், காயலோர நட்சத்திர விடுதிகள், போல்காட்டித் தீவின் பேரரங்கம். மட்டாஞ்சேரியின் பெயர் நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில், அரை நாள் ஊர்சுற்றலாக இடம்பெறும். பேராளர்கள் பேருந்தில் வந்திறங்கி டச்சு அரண்மனையையும் யூதர் தெருவையும் பார்ப்பார்கள். ஏலக்காய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அரங்கத்துக்குத் திரும்புவார்கள்.

இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அயலூர் வணிகர் வந்து தங்கி, சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, விலை பேசி முடித்துப் போவதற்கென்றே வளர்ந்த ஊர் மட்டாஞ்சேரி. அந்தத் தொழிலறிவும் கட்டடங்களும் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஐம்பது முதல் முந்நூறு பேர் கூடும் வணிக மாநாடுகளுக்கு இவ்வூரைப் பணியிடமாகவே பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும்.

வணிகப் பயணத் துறை தன் வேலையை நான்காகப் பிரிக்கிறது: நிறுவனக் கூட்டம், ஊழியருக்கான ஊக்கப் பயணம், மாநாடு, கண்காட்சி. இவை நான்கையும் இக்கட்டுரை 'வணிகக் கூடுகை' என்ற ஒரே பெயரில் குறிக்கிறது.

2. கூடுகையின் வரலாறு

2.1 காற்றும் காத்திருப்பும்

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் கடல்வாயைத் திறந்துவிட்டது என்பது வரலாற்று மரபு. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களில் பங்கேற்ற மா ஹுவான் கொச்சியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மலையில் விளைந்த மிளகைப் பெருவணிகர் வாங்கிப் பண்டகசாலைகளில் சேர்த்துவைத்து, அயல்நாட்டார் வரும்வரை காத்திருந்ததை அவர் குறிப்பில் காண்கிறோம். முத்தும் மணியும் வாங்கிச் சேர்த்துக் கப்பலுக்காகக் காத்திருந்த செட்டிகளையும் அவர் தனி வகுப்பாகக் குறிக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது காத்திருப்பு. பாய்மரக் காலத்தில் வணிகர் நினைத்த நாளில் வந்து நினைத்த நாளில் திரும்ப முடியாது. காற்று கொண்டுவந்து சேர்க்கும். எதிர்க்காற்று எழும்வரை ஊரில் தங்கியாக வேண்டும். அந்த மாதங்களில் அவருக்குத் தங்குமிடம், மொழிபெயர்ப்பாளர், கடன் கொடுப்பவர், எடை போடுபவர், வழக்குத் தீர்ப்பவர், வழிபாட்டிடம் எல்லாம் தேவைப்பட்டன. இன்று மாநாட்டு ஏற்பாட்டாளர் செய்யும் பணிகளை அன்று ஊரே பகிர்ந்து செய்தது. கொங்கணியர், குஜராத்திகள், கச்சி மேமன்கள், யூதர்கள், தமிழர்கள் எனப் பல சமூகங்கள் சில தெருக்களுக்குள் அடுத்தடுத்து வாழ நேர்ந்ததற்கு இந்தத் தேவையே பெருங்காரணம்.

2.2 கோட்டையும் அங்காடியும்

1503-இல் போர்த்துக்கீசியர் கோட்டை எழுப்பினர். 1663-இல் டச்சுக்காரர்களும் 1795-இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். கோட்டைப் பகுதி ஐரோப்பியர் கையில் மாறிமாறிச் சென்றபோதும், அடுத்திருந்த மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஊராகவே இருந்தது. போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் அரசருக்குக் கட்டிக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்ட அரண்மனை இங்கேதான் இருக்கிறது. பரதேசி யூத வழிபாட்டு இல்லம் 1568-இல் அரண்மனையை ஒட்டி எழுந்தது. ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. சில நிமிட நடையில் இருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. ஆட்சியும் படையும் கோட்டைக்குள் இருக்க, சரக்கும் பேரமும் அங்காடியில் நடந்தன.

2.3 பண்டகசாலையின் அமைப்பு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய கட்டடங்களுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம் தெருவைப் பார்க்கும். அங்கே கணக்கப்பிள்ளையின் மேசையும் கடையும் இருக்கும். மறுமுகம் காயலைப் பார்க்கும். அங்கே படித்துறையில் வள்ளங்கள் வந்து நிற்கும். நடுவில் திறந்த முற்றம். அங்கேதான் மிளகும் சுக்கும் காயவைக்கப்பட்டன. பெண்கள் உட்கார்ந்து புடைத்துப் பொறுக்கித் தரம் பிரித்தார்கள். பல கட்டடங்களில் மாடி குடியிருப்பாகவோ விருந்தினர் தங்குமிடமாகவோ பயன்பட்டது. சுவர் தடிமனாகவும் ஓட்டுக்கூரை உயரமாகவும் இருப்பதால் உச்சிவெயிலிலும் உள்ளே வெக்கை குறைவு. சரக்கு, கணக்கு, பேச்சு, தங்கல் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் நடப்பதற்கென்றே அமைந்த கட்டடம் இது.

3. மிளகுச் சந்தை: தொழிலே மாநாடாக இருந்த கூடம்

1957-இல் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் மட்டாஞ்சேரியில் மிளகுக்கான முன்பேர வணிகத்தை நடத்தத் தொடங்கியது. கூடத்தைச் சுற்றிலும் தரகர்களுக்குத் தொலைபேசி வைத்த சிற்றறைகள். வெளியூரிலிருந்து வந்த ஆணையைத் தரகர் தொலைபேசியில் கேட்பார். நடுக்கூடத்துக்கு வந்து உரத்த குரலில் விலை கூவுவார். எதிரே ஒருவர் ஏற்றுக்கொண்டால் பேரம் முடிந்தது. 1997-இல் பன்னாட்டு மிளகு முன்பேர ஒப்பந்தமும் இங்கே அறிமுகமானது. 2003-க்குப் பிறகு தேசிய மின்னணுச் சந்தைகள் வளர்ந்தபோது கூவி விற்கும் முறை மறைந்தது.

இந்தச் சந்தை வலுவாக இருந்ததற்குக் காரணம், விலை கூவிய இடத்துக்கு அருகிலேயே சரக்கும் இருந்ததே. மிளகின் தரத்தை வாய்ச்சொல்லால் நிலைநாட்ட முடியாது. சாக்கிலிருந்து மாதிரி எடுத்து ஒரு லிட்டர் அளவையில் நிரப்பி நிறுப்பார்கள். 550 கிராம் நின்றால் நல்ல திரட்சியான மிளகு. சலித்துத் தூசும் சண்டும் நீக்கிய 'கார்பிள்டு' ஒரு விலை, நீக்காத 'அன்கார்பிள்டு' ஒரு விலை. ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கையில் அள்ளிப் பார்த்தே அனுபவசாலி மதிப்பிடுவார். கூடலூரிலும் வால்பாறையிலும் மிளகு பயிரிடும் நம் விவசாயிகள் இன்றும் கொச்சி விலையைக் கேட்டுத்தான் சாக்கைக் கட்டுகிறார்கள்.

4. வணிகம் இடம்பெயர்ந்த விதம்

துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் கொச்சிக்கு வந்து, துறைமுக வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டும் பணியை முன்னெடுத்தார். 1928 மே மாதத்தில் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தூர்வாரிய மண்ணைக் கொட்டி, மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவை உருவாக்கினார்கள். 1935-இல் அங்கே மலபார் ஹோட்டல் எழுந்தது. 1947-இல் தேயிலை ஏலம் தொடங்கியது. கப்பல், விடுதி, ஏலம் ஆகிய மூன்றும் காயலுக்கு அக்கரையில் குடியேறின. 2011-இல் சரக்குப் பெட்டக முனையம் வல்லார்பாடத்துக்குப் போனது. இப்படிப் படிப்படியாக மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளில் பல வெறுமையாயின.

கூடுகையும் அதே வழியில் விலகிச் சென்றது. 1999-இல் திறந்த நெடும்பாசேரி விமான நிலையம் மட்டாஞ்சேரியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 2012-இல் 'எமர்ஜிங் கேரளா' முதலீட்டாளர் மாநாடு லீ மெரிடியனில் நடந்தது. 2018-இல் லுலு போல்காட்டி மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் 46-ஆவது அண்டார்டிக் ஒப்பந்த ஆலோசனைக் கூட்டமும், 2025 பிப்ரவரியில் 'இன்வெஸ்ட் கேரளா' உலக மாநாடும் அங்கேயே நடந்தன. 2000-இல் தொடங்கி ஈராண்டுக்கொருமுறை கூடும் கேரள டிராவல் மார்ட்டுக்கு வில்லிங்டன் தீவின் சமுத்ரிகா வளாகம் களமாயிற்று. பெரிய நிகழ்ச்சிகளுக்கு இந்த இடங்கள் தேவை, அதில் ஐயமில்லை. நகரத்துக்கு வரும் கூடுகைகளில் எது எங்கே நடக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் திட்டம்தான் இன்னும் உருவாகவில்லை.

5. மட்டாஞ்சேரிக்கு எது பொருந்தும்?

5.1 அளவு

பன்னாட்டுச் சங்கங்களின் மாநாடுகளைக் கணக்கிடும் சர்வதேச மாநாட்டுச் சங்கமான 'இக்கா', ஒரு கூட்டத்தைப் பட்டியலில் சேர்க்கக் கேட்கும் குறைந்தபட்சப் பேராளர் எண்ணிக்கை 50 மட்டுமே; அது முறையாக நடந்து, குறைந்தது மூன்று நாடுகளிடையே சுழல வேண்டும். உலக அளவில் பொருட்படுத்தத்தக்க மாநாட்டுக்கு ஐயாயிரம் இருக்கை தேவையில்லை என்பது இதிலிருந்து தெளிவு. செப்பனிட்ட பண்டகசாலை ஒன்றும் அதன் முற்றமும் இந்த அளவுக்குப் போதும்.

5.2 பொருள்

நறுமணப் பொருள், தேயிலை, கயிறு, கடலுணவு, கப்பல் காப்பீடு, பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு ஆகிய துறைகளின் கூட்டங்களுக்கு மட்டாஞ்சேரியே பாடநூல். நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் கொச்சியில் இருக்கிறது. உலக நறுமணப் பொருள் மாநாடு 2014-இல் கொச்சியில் கூடியது. இத்தகைய மாநாட்டின் தர நிர்ணய அமர்வைத் திரையில் படம் காட்டி நடத்துவதற்கும், பஜார் ரோட்டில் சாக்கைப் பிரித்து நடத்துவதற்கும் பயனில் பெரும் வேறுபாடு உண்டு. கோயம்புத்தூரின் கொடிசியா கண்காட்சிகளுக்குக் கூட்டம் சேர்வது ஏன்? பம்பும் இயந்திரமும் செய்யும் பட்டறைகள் அதே ஊரில் இருக்கின்றன. வந்தவர் அரங்கில் பார்த்ததைப் பட்டறையிலும் பார்த்துவிட்டுப் போகலாம். அந்த வலிமை மட்டாஞ்சேரிக்கும் உண்டு.

5.3 முன்னுதாரணம்

1968-இல் பரதேசி யூத வழிபாட்டு இல்லத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தார். 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலே என்னும் கலை விழா, கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய பண்டகசாலைகளைக் கலைக்கூடங்களாக்கி, உலகெங்குமிருந்து பார்வையாளரை வரவழைத்தது. இந்தக் கட்டடங்கள் பொதுமக்களைத் தாங்கும் என்பது ஒவ்வொரு பியனாலேயிலும் நிறுவப்பட்ட உண்மை.

6. நிபந்தனைகள்

6.1 வழி

இதுவரை பெருந்தடையாக இருந்தது குறுகலான தெரு. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவையின் மட்டாஞ்சேரி முனையமும் வில்லிங்டன் தீவு முனையமும் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டன. உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து இனி நீர்வழியே அரண்மனைப் பக்கம் வந்திறங்கலாம். மாநாட்டு ஏற்பாட்டாளர்கள் பேருந்தைக் கைவிட்டுப் படகையே முதன்மை வழியாகக் கொள்ள வேண்டும். அப்போது ஊருக்குள் நெரிசலும் அதிகரிக்காது.

6.2 பருவமும் கட்டடமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை. மேற்குக் கொச்சியின் தாழ்வான பகுதிகளில் ஓத வெள்ளமும் புகும். 2022-இல் பியனாலேயின் திறப்பு ஏற்பாட்டுச் சிக்கல்களால் டிசம்பர் 12-இலிருந்து 23-க்குத் தள்ளிப்போனது. விமானச் சீட்டு எடுத்துவிட்ட பேராளர்களை வைத்துக்கொண்டு மாநாட்டை அப்படித் தள்ளிவைக்க முடியாது. ஆகவே கூரை, மின்கம்பி, தீயணைப்பு வழி, கழிப்பறை, வடிகால் ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் செல்லும் தகுதிச் சான்று பெற்ற கட்டடங்களே மாநாட்டுக்குத் திறக்கப்பட வேண்டும். அரண்மனையைச் சுற்றி மத்தியத் தொல்லியல் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகளும் கடற்கரை மண்டல விதிகளும் புதிய கட்டுமானத்தைத் தடுக்கின்றன. பழைய கட்டடத்தைப் பேணுவோருக்கு இது நன்மையே.

6.3 தொழிலாளர்

மட்டாஞ்சேரியின் துறைமுகத் தொழிலாளர் வரலாற்றில் 'சாப்பா' முறை ஆறாத வடு. வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணிகள் உலோக வில்லைகளை எறிவார்கள். அடித்துப்பிடித்து எடுத்தவருக்கு மட்டும் அன்றைய வேலை. அதை எதிர்த்து 1953-இல் எழுந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மாநாட்டுத் தொழிலும் பந்தல், சமையல், பரிமாறல், சுமை, துப்புரவு என நாள்கூலியை நம்பியிருப்பது. வேலை உள்ள நாளில் அழைத்து மற்ற நாளில் கைவிடும் வழக்கம் இங்கே வந்தால், பழைய அநீதி புதுச் சீருடையில் திரும்பும். உள்ளூர்த் தொழிலாளர் கூட்டுறவுகளுடன் ஆண்டு ஒப்பந்தம் என்பது அனுமதியின் நிபந்தனையாக இருக்க வேண்டும். கோட்டைக் கொச்சியின் தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் விடுதிகளின் விரிப்புகளையும் வெளுத்துத் தருகின்றன. இத்தகைய கைகளுக்கு வேலை போய்ச் சேர்வதைக் கொண்டே இத்திட்டத்தின் நேர்மையை அளக்க வேண்டும்.

6.4 குடியிருப்போர்

மட்டாஞ்சேரி நெருக்கமாக மக்கள் வாழும் ஊர். குடிநீரும் அமைதியும் முதலில் அவர்களுக்கு. ஒரே நேரத்தில் எத்தனை கூடுகை, எத்தனை பேர், எந்த மணிவரை என்பதற்குக் கொச்சி மாநகராட்சி உச்சவரம்பு விதிக்க வேண்டும். வாடகை உயர்ந்து பழைய கடைக்காரரும் குடித்தனக்காரரும் வெளியேறிவிட்டால், வணிகர்கள் வந்து பார்க்க அங்கே எதுவும் இருக்காது.

7. முடிவுரை

ஆய்வின் முடிவுகள் மூன்று. முதலாவது, மட்டாஞ்சேரியின் தெருவும் கட்டடமும் சமூகக் கலப்பும் வணிகக் கூடுகையின் தேவையால் உருவானவை. அதனால் அவ்வூரை மாநாட்டுக்குப் பயன்படுத்துவது அதன் இயல்புக்கு உகந்தது. இரண்டாவது, பேரரங்குகளோடு போட்டியிடாமல், சரக்கை நேரில் பார்த்தாக வேண்டிய துறைகளின் சிறு, நடுத்தரக் கூட்டங்களையே அது நாட வேண்டும். மூன்றாவது, தொழிலாளர் பாதுகாப்பும் குடியிருப்போர் உரிமையும் எழுத்தில் உறுதியாகாதவரை எந்த அரங்கையும் திறக்கக்கூடாது.

செய்ய வேண்டிய முதற்பணி செலவு குறைவானது. கொச்சியில் அடுத்துக் கூடும் நறுமணப் பொருள் மாநாடு தன் அமர்வுகளில் ஒரு முழு நாளை மட்டாஞ்சேரிக்கு ஒதுக்கட்டும். அந்த நாளில் எத்தனை ஒப்பந்தம் பஜார் ரோட்டில் கையெழுத்தானது, எத்தனை உள்ளூர் வணிகர் புதிய கொள்முதலாளரைப் பெற்றனர் என்று கணக்கெடுத்து வெளியிடட்டும். அந்தக் கணக்கு நன்றாக இருந்தால் இரண்டாவது நாளை வணிகர்களே கேட்டு வாங்குவார்கள்.